மூணாவது பூ

சுகந்தி மூணாவதா "வாழைப்பூ"ன்னு சொன்னா. அங்கயே எல்லாம் கெட்டுச்சு.

டிசம்பர் பதினாலு, ராத்திரி ஒம்பதரை. கரண்ட் இல்ல. மொட்டைமாடியில உக்காந்து, கையில எண்ணெய் தடவிக்கிட்டு, மறுநாள் வடைக்காக வாழைப்பூவுல கள்ளன் எடுத்துட்டு இருந்தா. ஒவ்வொரு பூவுக்குள்ளயும் விறைப்பா ஒரு நரம்பு நிக்குமே, அதை. பக்கத்துல அவ புருஷன் கதிரேசன் கைப்பிடிச் சுவத்துல சாஞ்சுக்கிட்டு போன்ல சிக்னல் தேடிட்டு இருந்தான்.

ஜெமினிட் சீசன் அது, எரிநட்சத்திரம் மழையாக் கொட்டுற சமயம். மத்த நாள்ல சின்னச் சின்னதா வானத்தைக் கீறிட்டுப் போகும். இது அந்த ரகம் இல்ல. மிதுனத்துக்குக் கீழ இருந்து கிளம்பி, பச்சையா, கொடியில கிடந்த துணிக்கெல்லாம் தரையில நிழல் விழுற அளவுக்கு வெளிச்சமா, மேக்க பார்த்து ஓடுச்சு. ஓடின தடத்துல வால் மட்டும் புகை மாதிரி அப்படியே நின்னுச்சு. முழுசா ஒம்பது செகண்ட்! அவ்வளவு நேரம் நிக்கிறதெல்லாம் ரொம்ப அபூர்வம்.

எங்க ஊர்ல எரிநட்சத்திரம் பார்த்தா, வால் அணையறதுக்குள்ள மூணு பூ பேரு சொல்லணும். சொல்லலைன்னா வீட்டுல ஒருத்தர் உங்களை மறந்துடுவாங்க. பார்த்தவங்களுக்குத்தான் மறதி வரும்னு வெளியூர்ல பேசிக்கிறாங்க. அது தப்பு. பார்த்தவங்களுக்கு ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கும்.

"முல்லை, சாமந்தி, அரளி"ன்னு கதிரேசன் மடமடன்னு சொல்லி முடிச்சுட்டான்.

"மல்லி, கனகாம்பரம்..."ன்னு சுகந்தி ஆரம்பிச்சா. மூணாவது வரல. வருஷம் முழுக்க அவ தலையில வைக்கிறதே அந்த ரெண்டும்தான். கையைப் பார்த்தா. "வாழைப்பூ."

யாரோ மூக்கால சிரிச்ச மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வால் அணைஞ்சுது.

கதிரேசன் போனை சட்டைப் பையில போட்டுட்டுத் திரும்பினான்.

"அடடா, இருட்டுல உக்காந்திருக்கீங்களே. கீழ் வீட்டுக்கு வந்தவங்களா?"

பதினோரு வருஷத்துல அவன் அவளை 'ங்க' போட்டுப் பேசினது அதுதான் முதல் தடவை.

"இல்ல, மேல் வீடு."

"அப்படியா? நானும் மேல் வீடுதாங்க. வாங்க. மூணாவது படி உடைஞ்சிருக்கு, பார்த்து கால் வைங்க."

டார்ச் அடிச்சுக்கிட்டு முன்னாடி இறங்கினான். அந்தப் படியைச் சரி பண்ணச் சொல்லி அவ நாலு வருஷமா கத்திட்டு இருந்தா. மறுநாள் காலையில சிமெண்ட் குழைச்சு அவனே பூசிட்டான். வீட்டுக்கு வந்தவங்க விழுந்துடக் கூடாதாம். ராத்திரி கட்டிலை அவளுக்குக் குடுத்துட்டு ஹால்ல பாய் போட்டுப் படுத்தான். காபி போட்டு, "சக்கரை எவ்வளவுங்க?"ன்னு கேட்டான். குடிச்ச டம்ளரை அவனே கழுவி வச்சான்.

சுகந்திக்கு இதுல எதுவும் ஒட்டல. அவளுக்கு உறுத்தினது ஒண்ணே ஒண்ணு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. ஆஸ்பத்திரி கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரெண்டு நாள் இருந்துச்சு. ரெண்டாவது நாள் சாயங்காலம் அந்தக் கண்ணாடிக்கு வெளிய நின்னு ரெண்டு பேருமா ஒரு பேரு வச்சாங்க. வேற யார்கிட்டயும் சொல்லல, எங்கயும் எழுதல. உலகத்துல அந்தப் பேரு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். இப்ப ஒருத்திக்குத்தான்.

அந்தப் பேருக்காகத்தான் அவ, யாரு என்ன பூ சொன்னாங்கன்னு பதிவு வச்சிருக்கிற எரிநட்சத்திர ஆபீசுக்குப் போனா.

ஆபீஸ்ல குணவதி மேடம் தலைக்கு மேல பேப்பர் குமிச்சு வச்சிருந்தாங்க. "ஜெமினிட் சமயம்மா, கொஞ்சம் பொறு"ன்னாங்க. அப்புறம் பதிவை எடுத்து விரல் வச்சுப் படிச்சாங்க.

"மல்லி சரி. கனகாம்பரம் சரி. வாழைப்பூ... ம்ஹூம். இது காய்கறியில வருது."

"மரத்துல பூக்குறது தானே மேடம்?"

"பூக்குறதெல்லாம் பார்த்தா முடியுமா? தலையில வைக்கணும், இல்ல சாமிக்குப் போடணும். சமைச்சுச் சாப்பிடுறதைக் கொண்டு வந்து பூங்கிறியே."

"வழி எதுவும் இல்லையா?"

இருந்துச்சு. ஏழு நாள் வாழைப்பூவைத் தலையில வச்சுக்கிட்டு நடமாடணும். மடல் செல்லாது, முழுப் பூ. ஏழாவது நாள் முடியறதுக்குள்ள ஏழு பேர் கையெழுத்துப் போடணும், 'இதைப் பார்த்தப்ப எனக்குச் சமைக்கத் தோணல'ன்னு.

சுகந்தி கண்ணாடிக் கடையில வேலை பார்க்குறா. பவர் செக் பண்ண வர்றவங்களுக்கு லென்ஸ் மாத்தி மாத்திப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா"ன்னு கேக்குற வேலை. அரைக் கிலோ வாழைப்பூவை ரிப்பனால இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போனா. கழுத்து ஒரு பக்கமா இழுத்துச்சு. ஜாக்கெட் முதுகெல்லாம் கறை. அதுல ஒரு சிக்கல் என்னன்னா, கண்ணாடி போடுறதுக்கு முன்னாடி பார்த்தவங்க கையெழுத்து செல்லாது. போட்டதுக்கு அப்புறம் பார்த்தவங்க எல்லாம் பசிக்குதுன்னாங்க.

நாலு நாள் அலைஞ்சு மூணு கையெழுத்து வாங்கினா. மூணு பேருமே சமைக்கத் தெரியாதவங்க. அஞ்சாவது நாள் கீழ் வீட்டு ஜெசிந்தா அக்காகிட்ட பேப்பரை நீட்டினா.

அக்கா சுத்திச் சுத்தி வந்து பார்த்துச்சு. "பொய் சொல்ல மாட்டேன்டி சுகந்தி. எனக்குப் பருப்பு ஊறப்போடணும்னு தோணிருச்சு."

"அக்கா, ப்ளீஸ்க்கா."

"நான் வேணா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கிறேன். நீ போயிட்டு, நான் சாப்பிட்டப்புறம் வா."

சாப்பிட்டப்புறம் போட்டுக் குடுத்துச்சு. அந்த யோசனை நல்லா வேலை செஞ்சுது. கல்யாண மண்டபத்து வாசல்ல, பந்தி முடிஞ்சு வெத்தலை மென்னுக்கிட்டு வந்தவங்ககிட்ட இன்னும் ரெண்டு வாங்கிட்டா. ஆறாச்சு. ஏழாவது நாள் சாயங்காலம் வரைக்கும் ஏழாவது ஆள் கிடைக்கல.

வீட்டுக்கு வந்தா கதிரேசன் கதவைத் திறந்தான். தோசைக்கு ஊத்தப் போறேன், உங்களுக்கும் சேர்த்து ஊத்தட்டுமான்னு கேட்டான். பேப்பரைக் குடுத்தா. ஒரு எழுத்து விடாமப் படிச்சான். அவ தலையை நிதானமாப் பார்த்தான்.

"சமைக்கவெல்லாம் தோணலைங்க. உங்களுக்கு நல்லா இருக்குங்க."

அவ சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா. அவன் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் காலையில குணவதி மேடம் சீல் குத்தி, எரிநட்சத்திரம் விழுந்த ராத்திரிப் பதிவோட நகலையும் சேர்த்துக் குடுத்தாங்க. "இன்னைக்கு மதியத்துல இருந்து உன் வீட்டுக்காரருக்கு எல்லாம் திரும்பிடும். நட்சத்திரத்தால மறந்தது ஒண்ணு பாக்கி இருக்காது."

சுகந்தி நகலைப் படிச்சா. அவ பேருக்குக் கீழ கதிரேசன் பேரு. முல்லை, சாமந்தி, அரளி. அதுக்கு எதிர்ல 'மிச்சம்: நாலு செகண்ட்.'

"இது என்ன மேடம்?"

"உன் வீட்டுக்காரர் சொல்லி முடிச்சும் வால் அணைய அவ்வளவு நேரம் இருந்துச்சு. பக்கத்துல இருக்கிறவங்க தடுமாறினா ஒரு பூ எடுத்துக் குடுக்கலாம்ல. ஒரு பூவுக்கு அரை செகண்ட் ஆகுமா? சில பேரு தெருவுக்கே சேர்த்துப் பூ சொல்லிட்டு இறங்குவாங்க."

"நான் வாழைப்பூன்னு சொன்னது அவருக்குக் கேக்காம இருந்திருக்கலாம்."

மேடம் பக்கத்தைப் புரட்டினாங்க. "கேட்டுச்சுன்னு போட்டிருக்கு." கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டாங்க. "சிரிச்சாருன்னும் போட்டிருக்கும்மா."

மதியம் அவ படியேறினப்ப கதிரேசன் வாசல்லயே நின்னுட்டு இருந்தான்.

"ஏய், எங்கடி போய்த் தொலைஞ்ச? என்ன கண்றாவிடி இது தலையில? காபி போடு, தலை வலிக்குது."

அந்த ஏழு நாள் அவனுக்கு ஞாபகம் இல்ல. பழசு உள்ள வந்தா புதுசு வெளிய போயிடும், தலைக்குள்ள இடம் அவ்வளவுதான். சுகந்தி காபி போட்டுக் குடுத்தா. அவன் குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்ல உக்காந்திருந்தா.

"பாப்பா பேரு சொல்லுங்க."

"எந்தப் பாப்பா?"

"நம்ம பாப்பா."

கதிரேசன் மேல பார்த்தான். ஃபேனைப் பார்த்தான். "அது... ஏதோ வச்சோம்ல. அது எதுக்குடி இப்ப? வாழைப்பூ வடைன்னியே, என்னாச்சு?"

நட்சத்திரத்தால மறந்ததெல்லாம் திரும்பியாச்சு. மேடம் சீல் குத்தியே குடுத்திருக்காங்க. இது அவன் சொந்தமா மறந்தது. சுகந்தி டம்ளரைக் கழுவி வச்சுட்டு, தலையில இருந்த பூவை எடுத்து, ஒவ்வொரு மடலா உரிச்சு வடை சுட்டா. அவன் ஒம்பது சாப்பிட்டான்.

ஜனவரி நாலு, விடியக்காலம் நாலரை. குவாட்ரான்டிட், அடுத்த எரிநட்சத்திர மழை. வருஷத்துல ஒரே ஒரு ராத்திரி, அதுலயும் சில மணி நேரம்தான் கொட்டும், அசந்தா போச்சு! "டேங்க் நிரம்பிருச்சான்னு போய்ப் பாரு"ன்னு அவளை அனுப்பிட்டு, அவ லேட் பண்றான்னு கதிரேசனும் பின்னாலயே ஏறி வந்தான். அப்பதான் வடகிழக்குல இருந்து ஒண்ணு கிளம்புச்சு. நீலமா, நீளமா. வால் தண்ணித் தொட்டிக்கு நேர் மேல நின்னுச்சு.

"முல்லை, சாமந்தி, அரளி"ன்னுட்டு கதிரேசன் கொட்டாவி விட்டான்.

"மல்லி. கனகாம்பரம்"ன்னா சுகந்தி. நிறுத்திக்கிட்டா.

இந்தத் தடவை அவளுக்குத் தடுமாத்தம் இல்ல. வாழைப்பூவே இப்ப செல்லும், ஆபீஸ் போர்டுல ஒட்டியாச்சு. வால் இன்னும் பளிச்சுன்னு இருந்துச்சு. கொட்டாவி முடிஞ்ச வாயைப் பார்த்துக்கிட்டே நின்னா. ஒரு செகண்ட். ரெண்டு. மூணு. நாலு. அந்த வாய் மூடியே இருந்துச்சு.

"காலிஃப்ளவர்"ன்னு சொன்னா.

வால் அணைஞ்சுது.

"அடடா, குளிர்ல நிக்கிறீங்களே"ன்னான் கதிரேசன். "கீழ வாங்க. படியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. யாரோ சரி பண்ணியிருக்காங்க."

காலையில காபி குடிச்சுட்டு, நகலை மட்டும் வாங்கிட்டு வரலாம்னு சுகந்தி ஆபீசுக்குப் போனா. வரிசையில அவளுக்கு முன்னாடி ஜெசிந்தா அக்கா நின்னுட்டு இருந்துச்சு.

"அக்கா, நீங்களுமா?"

"நான் மூணும் அதையே சொல்லிட்டேன்டி."

குணவதி மேடம் எண்ணி முடிச்சு நிமிர்ந்தாங்க. விடியக்காலம் அந்த ஒரே வால்ல நாப்பத்தி மூணு காலிஃப்ளவர். மேல்முறையீடு ஒண்ணுகூட இல்ல. புருஷங்க யாராவது மனு குடுத்தா காலிஃப்ளவரையும் பூவுல சேர்த்துடலாம், ஆனா எதுக்காகக் குடுக்கணும்னு அவங்களுக்கு ஞாபகம் இல்லைன்னாங்க. காதுக்கு மேல செருகியிருந்த வெள்ளைக் கொத்தைச் சரி பண்ணிக்கிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க.

சுகந்தி நகலை வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டா. கதிரேசன் பேருக்கு எதிர்ல இந்தத் தடவை அஞ்சு செகண்ட்.

உங்க வீட்டு மாடியில எத்தனை செகண்ட் மிச்சம் இருந்துச்சு? உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?