ஆன்சியின் பாதி வீச்சு

1

இந்தக் கதைக்கு ஆதாரம் ஒரு சிவப்பு சிக்னல்தான். ராயபுரம் ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் ரயில் நின்றபோது, ஒரு மொட்டைமாடியில் ஒரு பெண் பந்தைத் தூக்கிப்போட, ஒரு சிறுமி மட்டையைச் சுழற்றுவதைப் பார்த்தேன். சிறுமிக்கு எதிரே பழைய மீன்வலை கட்டியிருந்தது. மட்டையில் பந்து படுவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. மீதி முழுக்க என் சரக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

முதல் வரி இப்படி இருந்தது: 'உப்புக்காற்றில் நனைந்த அந்த மாலையில்...'

(அடித்துவிட்டேன். ராயபுரம் என்றாலே உப்புக்காற்றை இழுத்துவருகிற வியாதி எனக்கும் இருக்கிறது.)

இரண்டாவது: 'ஃப்ளோராவுக்கு சாப்ட்பால் என்றால் என்னவென்றே தெரியாது.' இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

ஃப்ளோராவுக்கு சாப்ட்பால் தெரியாது. மகள் ஆன்சியைத் தெரியும். பத்தாம் வகுப்பு, பள்ளி அணியில் ஆடுகிறாள்.* ஞாயிற்றுக்கிழமை, வெளியூர் விளையாட்டு விடுதி ஒன்றுக்குத் தேர்வு. கிடைத்தால் அங்கேயே தங்கிப் படிக்கலாம், ஆடலாம். கோளாறு ஒன்றுதான்: பந்தில் பட்டதும் மட்டையைப் பாதியில் நிறுத்திவிடுகிறாள். பந்து பக்கத்திலேயே பொத்தென்று விழுகிறது. முழுதாகச் சுற்று என்று பி.டி. டீச்சர் தொண்டை கிழியக் கத்தியாகிவிட்டது. அவள் அணியில் சேர்ந்த நாளிலிருந்தே, தினமும் வேலை விட்டு வந்ததும் ஃப்ளோரா மாடியில் அவள் பக்கத்தில் குந்திப் பந்தைத் தூக்கிப்போடுகிறாள்.

* சாப்ட்பாலில் அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். தெருக் கிரிக்கெட்டில் வளர்ந்த ஆன்சி, முதல் மேட்சில் மட்டையோடு ஓடினாள். இதை நுழைக்கக் கதையில் இடமில்லை, விடவும் மனசில்லை.

4

அடுத்து அப்பா. முதலில் அருள்பிரகாசத்தை மாடிக்கே கூட்டிவந்து, மகளின் தோளைப் பிடித்துத் திருப்பவைத்தேன். பொய்யாக இருந்தது. அவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். போன கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. வரவைக்க எனக்கும் ஆசைதான். கப்பல் என் பேச்சைக் கேட்கவில்லை. அதனால் மாடிப் பயிற்சியை வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். சிக்னல் கிடைத்ததும் அவர் அழைத்தார்.

"பாப்பா நல்லாத்தான் அடிக்குது. ஏன் நடுவுல நிறுத்திக்கினு கீது?"

"தெர்லியே. பயப்படுதோ இன்னாவோ."

"பந்துக்கா பயப்படுது? இன்னொரு தபா வீடியோவப் பாரு ஃப்ளோரா."

பார்த்தாள். மட்டை பந்தில் படுகிறது. அந்த நொடியில் ஆன்சியின் கண் பந்தின்மேல் இல்லை. பக்கத்தில் குந்தியிருக்கும் அம்மாவின் தலைமேல் இருக்கிறது.

மாடி சின்னது. ஃப்ளோரா உட்காரும் இடம், மட்டை முழுதாகச் சுற்றினால் மண்டையைப் பிளக்கும் தூரம். அம்மாவுக்குப் பட்டுவிடக் கூடாதே என்று நிறுத்தி நிறுத்தியே, மைதானத்திலும் அவளுக்கு அதே பாதி வீச்சு பழகிவிட்டது.

5

இது ஃப்ளோரா ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் ஆன்சி தேறமாட்டாள். ராத்திரி பக்கத்திலேயே பாய் போட்டுப் படுப்பாள். வீட்டைவிட்டுப் போனது அவள் அப்பா ஒருத்தரோடு நிற்கட்டும். இப்படி ஒரு முடிவு எழுதிக்கொண்டிருந்தேன்: 'மறுநாள் சாயங்காலம் ஃப்ளோரா வழக்கமான இடத்திலேயே...'

வரியை முடிக்கவில்லை. ஃப்ளோரா எழுந்து, கைப்பிடிச் சுவர்வரை தள்ளிப்போய் நின்றுவிட்டாள்.

"எங்கம்மா போற?"

"இங்கருந்து போடுறேன். நீ நல்லா சுத்து. என் மேல படாது."

"நெஜமா?"

"படாதுடி. சுத்து."

சுற்றினாள். மட்டை முழுவட்டம் போய்த் தோளுக்குப் பின்னால் நின்றது. பந்து போன வேகத்தில், வலை கட்டியிருந்த கம்பியே ஆடியது. ஆன்சி குதித்தாள். ஃப்ளோராவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே, ஐயோ, போயிடுவாளே என்று நினைத்தாள்.

6

ஞாயிற்றுக்கிழமையை நான் எழுதப்போவதில்லை. ஆன்சியை எடுத்தார்களா இல்லையா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒன்று மட்டும் கேட்கிறேன்: அவள் பெட்டியோடு போன மறுநாள் சாயங்காலம், காயப்போட்ட துணியை எடுக்க ஃப்ளோராவை மாடிக்கு அனுப்பாதீர்கள். வேறு யாரையாவது அனுப்புங்கள்.