செருப்பு வார்

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் கிள்ளான் பாலத்தைக் கடப்பவர்கள், அங்கே காவல் நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். ஜபருல்லா மட்டும் குனிந்ததே இல்லை. தொழுகையைத் தவிர வேறெங்கும் வளையாத முதுகு என்று பாலத்தருகே இருந்த தன் சாப்பாட்டுக் கடையில் அவர் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. சிப்பாயின் அருகே வந்ததும் செருப்பு வார் கழன்றுவிட்டதுபோல் பாவனை செய்து, அதைச் சரிசெய்யக் குனிவார். அந்த மடையன் அதை வணக்கம் என்று எடுத்துக்கொள்வான். கடைத்தெருவில் அவருடைய ஊர்க்காரர்கள் பலரும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு, தாங்களும் வீரர்கள்தான் என்று திரிந்தார்கள்.

பாலத்துக்கு அக்கரையில் ஒரு மருந்தகத்தில் காயங்களுக்குக் கட்டுப் போடும் சபாபதி, தேநீர் குடிக்க இந்தக் கடைக்கு வருவார். ஒரு நாள் காலிக் கோப்பையைப் பார்த்தபடியே பேசினார். சீனர்களைச் சிப்பாய்கள் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள், அவர்கள் தன்னிடம் வருவதே இல்லை என்றார். தமிழர்களும் மலாய்க்காரர்களும் கன்னம் வீங்கி வருகிறார்கள். எலும்பு முறிந்து வருவது பெரும்பாலும் காட்டு ஜனங்கள்தான்.

"ஏன்னு யோசிச்சேன் பாய். எங்க நிக்கணும், எப்படிக் குனியணும்னு நாம ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறோம். அவங்களுக்குச் சொல்ல ஆள் இல்ல. உங்க கடைக்கு பூஜாங் வர்றானே, அவன்கிட்டயாச்சும் சொல்லுங்க."

பூஜாங் காட்டோரத்துத் தெமுவான் இனத்தவன். ஜபருல்லாவின் கடைக்குத் தேனும் கிழங்கும் கொண்டு வருவான்; முதலாளி என்ற பொருளில் அவரைத் தவுக்கே என்று கூப்பிடுவான். படகில் வந்து போய்க்கொண்டிருந்தவன்; படகைச் சிப்பாய்கள் பிடுங்கிக்கொண்டதால் இப்போது பாலத்தின் வழியாக வர வேண்டியிருந்தது. அடுத்த முறை அவன் வந்தபோது உதடு கிழிந்திருந்தது. பாலத்தில் அறை வாங்கியிருந்தான்.

கூடையை இறக்கு, நில், குனி. இவ்வளவைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். குனியாதவர் என்று பெயர் வாங்கியவர், குனி என்று இன்னொருவனுக்கு எப்படிச் சொல்வார்? அந்தப் பாழாய்ப்போன கௌரவம் வாயைக் கட்டிவிட்டது. அதனால் தன் வித்தையையே நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். பூஜாங்கும் சிரித்துக்கொண்டே ஒரு தடவை செய்து பார்த்தான். அவன் காலை ஒருவரும் கவனிக்கவில்லை.

அவன் திரும்பிப் போவதைக் கடை வாசலில் நின்றபடி ஜபருல்லா பார்த்துக்கொண்டிருந்தார். சிப்பாயின் முன்னால் பூஜாங் குனிந்து, வெறுங்காலின் விரல்களைத் தடவிக்கொண்டு நின்றான். பூஜாங் பிறந்ததிலிருந்தே செருப்புப் போட்டதில்லை. தன்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்த சிப்பாய் துப்பாக்கிக் கட்டையை ஓங்கினான்.

ஜபருல்லா ஓடினார். பூஜாங்கின் வலது கை முழங்கைக்குக் கீழே தொங்கியது, கண்கள் செருகியிருந்தன. தூக்கி நிறுத்தி மருந்தகத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தால், சிப்பாய் வழியை விடவில்லை. ஜபருல்லா குனிந்தார். வாரையெல்லாம் தேடவில்லை, இடுப்பு வரை வளைந்து வணங்கினார். சிப்பாய் ஒதுங்கி நின்றான். இவ்வளவுதானா, இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டு பூஜாங்கைத் தாங்கி நடந்தார்.

மருந்தகத்தில் சபாபதி மூங்கில் பட்டையை வைத்துக் கையைக் கட்டினார். பட்டையின் நுனியைப் பிடித்துக்கொடுத்தபடியே ஜபருல்லா சொன்னார்.

"சபாபதி, இதுக்கு நான்தான் காரணம். நீங்க சொன்னதச் சொல்லல. என் பெருமையக் காட்டினேன், இவன் கை போச்சு."

பூஜாங்குக்குத் தமிழ் தெரியாது. தவுக்கே தன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துவிட்டான். சொல்லிக்கொடுத்தபடியேதான் செய்தேன் என்று மலாயில் முனகினான். செருப்பு இல்லாததால்தான் பிடிபட்டுவிட்டேன், தவறு என்னுடையதுதான் என்றான்.

"பழைய செருப்பு இருந்தா குடுங்க, தவுக்கே. அடுத்த வாட்டி சரியாச் செய்யுறேன்."

ஜபருல்லாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"செருப்பு வேணாம். குனிஞ்சிரு. நானும் குனிஞ்சேன்," என்றார் மலாயில்.

பூஜாங் நம்பவில்லை. தவுக்கே விளையாடுகிறார் என்று நினைத்து, கிழிந்த உதட்டோடு சிரித்தான்.