அரை விரல் வால்

படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தோம். பதினாறு அடி அலுமினியம், தட்டையான அடி. இரண்டு வருடம் யாருடைய கொட்டகைக்குப் பின்னாலோ கிடந்தது. அக்காவின் கணவர் அதை வண்டியில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மேலே சாம்பல் நிறத்தில் இரண்டு பூச்சு பெயின்ட்.

"தேய்ச்சு, ஓட்டையை அடைச்சு, மோட்டார் மாட்டுற பின் பலகையை உயர்த்திக் குடு மாப்ள. மத்தது என் பாடு," என்றார்.

அவர் வாங்கி வைத்திருந்தது ஜெட் மோட்டார். அதற்குச் சுழலும் இறக்கை வெளியே கிடையாது. படகின் அடிமட்டத்துக்கு நேராக ஒரு வாய் உண்டு. அது தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். எங்கள் ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர், கீழே முழுக்கக் கல். வேறு மோட்டார் தாங்காது.

ஒரே ஒரு சங்கடம். பீய்ச்சுவது நின்றால் படகைத் திருப்பவும் முடியாது. மேல் வளைவில் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே சரிந்து இறங்கும். அதைத் தாண்டும்வரை மோட்டார் ஓயக்கூடாது.

தேய்க்கத் தொடங்கியதும் சாம்பல் நிறத்துக்கு அடியில் நீலம் வந்தது. நான் மாமாவைப் பார்த்தேன்.

"அதேதான்," என்றார். "உங்க அக்கா காதுல போட்டுராத. அப்புறம் ஏற மாட்டா."

இரண்டு வருடத்துக்கு முன் நீலப் படகு மேல் வளைவில்தான் கவிழ்ந்து போனது. ஓட்டியவரும் ஒரு பள்ளி ஆசிரியையும் இறந்தார்கள். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். கல்லில் மோதியது என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பின்பக்கம் பட்டி பூசி மூடியிருந்தார்கள். உளியால் எடுத்தேன். அடியில் ஒரு பழைய ஒட்டுத்தகடு. அதன் மூன்று பக்கமும் வெல்டு விட்டிருந்தது. நாலாவது பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வெல்டு முடியும் இடத்தில் ஒரு வால்.

வெல்டை முடிக்கும்போது நெருப்பைச் சட்டென்று எடுத்தால் குழி விழும். அதை நிரப்ப ஒவ்வொருவருக்கும் ஒரு வழி. நான் அரை விரல் தூரம் பின்னால் திரும்பி, இடப்பக்கம் வளைத்து நிறுத்துவேன். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "பல்லி வாலைப் போட்டுட்டுப் போன மாதிரி இருக்குடா," என்பாள் அக்கா.

வெல்டின் ஓரம் நெடுகச் செம்புள்ளிகள். அலுமினியத்துக்குத் துரு வராது.

"சும்மா நிக்கிறதுக்கு நானும் தேய்க்கிறேன்." மாமா சுவரில் தொங்கிய சிவப்புப் பிடி போட்ட கம்பி பிரஷ்ஷை எடுத்தார்.

"அதை வைங்க மாமா."

"ஏன், கடிக்குமா?"

"அது இரும்புக்கு. படகுக்கு வேற இருக்கு."

"பட்டறையா இது, ஆபரேஷன் தியேட்டரா?"

நாலு வருடத்துக்கு முன் என்னிடம் அந்த ஒரு பிரஷ்தான் இருந்தது. கேட், ஜன்னல், படகு எல்லாவற்றுக்கும் அதுதான். இரும்பைத் தேய்த்த பிரஷ்ஷால் அலுமினியத்தைத் தேய்த்தால் இரும்புத் துகள் அதில் பதிந்துவிடும். வெல்டு மேலே பளபளவென்று இருக்கும். ஓரம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். அடுத்த வருடம் வேறொரு பட்டறையில் ஒருவர் என் கையைத் தட்டிவிட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது. தனி பிரஷ் வாங்கினேன். பழைய வேலைகளை நினைத்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நீலப் படகு அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஓடியது.

கல் இடித்தால் தகடு உள்ளே வளையும். இது வெளியே, பின்பக்கமாக உரிந்திருந்தது. அதைத் தட்டி நேராக்கிப் பட்டி பூசியிருக்கிறார்கள். உளியைக் கொடுத்து நெம்பினேன். தகடு எழுந்து பின்னால் மடிந்தது. மோட்டாரின் வாய் உட்காரும் இடத்தை ஒரு மூடி போல மூடியது. வாய் அடைந்தால் பீய்ச்சுவது நின்றுவிடும்.

"பின் தகடு முழுக்க மாத்தணும்," என்றேன்.

"மேலயே ஒண்ணு வெச்சு அடிச்சுடேன்."

"தாங்காது."

"முன்னாடி எவனோ அடிச்சது இத்தனை நாள் தாங்கலையா?"

"தாங்கல மாமா."

அவர் குனிந்து பார்த்தார். "எவன் கை வெச்சானோ, விளங்காத பய." மோட்டாரைக் கொண்டுவரக் கிளம்பினார்.

தகட்டை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா சாப்பாடு கொண்டுவந்தாள். கீழே கிடந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா, உன் பல்லி."

நான் கட்டரை நிறுத்தினேன். அவள் ஒட்டியிருந்த பெயின்டை நகத்தால் சுரண்டினாள். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"அந்த நீலமா?"

"ம்."

"கல்லுன்னாங்களே."

"கல் இல்லக்கா."

பிரஷ்ஷைப் பற்றிச் சொன்னேன். எப்போது தெரிந்தது என்பதையும் சொன்னேன்.

"அந்த வருஷம் இப்படி எத்தனை படகு?"

"ஏழு."

"ஓடுறது எத்தனை?"

"நாலு. ரெண்டை உடைச்சுட்டாங்க. ஒண்ணு இது."

"நாலும் இந்த மோட்டார்தானா?"

"ஆமா."

துண்டை என் கையில் வைத்தாள். "உங்க மாமாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ இதை எடுத்துட்டுத் துறைக்குப் போ."

"பட்டறை போயிடும்க்கா."

"பட்டறையோட போனா சந்தோஷப்படு."

படகுத்துறைக்கு நடந்தால் பத்து நிமிடம். ஓடினேன். அங்கே மூன்று படகுகள் கட்டியிருந்தன. மூன்றையும் எனக்குத் தெரியும். டிக்கெட் கொடுப்பவர் குடையை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"என்ன வெல்டரே, தகடும் கையுமா? ஆறு மேல எதுவும் கோபமா?"

"பச்சைப் படகு எங்க?"

"மேல போயிருக்கு. ஒம்பது பேர். இன்னிக்குத்தான் கூட்டமே வந்திருக்கு. அதோ, சத்தம் கேக்குது பாருங்க."

கேட்டது. ஒரே சீரான இரைச்சல். மரங்களுக்குப் பின்னால், மேல் வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஓட்டுறவரைக் கூப்பிடுங்க. வளைவுக்கு இந்தப் பக்கமே நிறுத்தச் சொல்லுங்க."

"ஓட்டுறப்ப போனை எடுக்க மாட்டாரே."

"கூப்பிடுங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். எண்ணைத் தேடினார். காதில் வைத்தார். மணி அடிப்பது எனக்கும் கேட்டது.

இரைச்சல் நின்றது.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஆற்றைப் பார்த்தார். "கரையில ஒதுக்கிட்டார் போல," என்றார்.

மேல் வளைவில் ஒதுங்கக் கரை கிடையாது.