அரை மூட்டைச் சுண்ணாம்பு

விடியுமுன் முதல் அவியல் இறங்கிவிட்டது. ஆவி பறக்கும் நெல்லைப் பூரணி கூடை கூடையாகச் சுமந்து சிமெந்துக் களத்தில் கொட்டினாள். கூடையில் வடிந்த சுடுநீர் கழுத்து வழியே முதுகில் இறங்கியது. குவியலைப் பலகையால் இழுத்துப் பரவினாள், காலால் துழாவினாள். அவித்த நெல்லைக் குவியலாக விடக்கூடாது. புளித்துவிடும். அரிசி மஞ்சளாகும்.

காற்று ஊறல் தொட்டிப் பக்கமிருந்து அடித்தது. மூன்று நாள் நெல் ஊறிய தண்ணீரைத் திறந்து விட்டிருந்தார்கள். அது வாய்க்காலில் கறுப்பாய் ஓடி, மில்லுக்குப் பின்னால் மண்ணில் வெட்டியிருந்த கிடங்கில் விழுந்தது. கிடங்கிலிருந்து இருபது அடியில் கூலியாட்களின் ஆறு குடிசைகள். ஆறுக்கும் ஒரே கிணறு. மணல் நிலம். கிடங்கு ஒருநாளும் நிரம்பியதில்லை.

"மகளுக்கு எப்பிடி, புள்ள?" பக்கத்தில் நெல் துழாவிய றுக்கியா கேட்டாள்.

"ராத்திரி ஆறு தரம் வயித்தால போயிட்டுது, றாத்தா. இப்ப அழுகிறதுக்கும் சத்தமில்லை."

மல்லிகாவுக்கு இரண்டு வயது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் இரண்டு முறை வாட்டில் மறித்து வைத்து, சேலைன் ஏற்றி அனுப்பினார்கள். தண்ணியை மாத்துங்கோ என்றார் டொக்டர். நல்ல தண்ணீர் ஒன்றரை மைல் தள்ளி, பள்ளிக்கூடக் கிணற்றில். வேலை முடிந்து பூரணியால் கொண்டுவர முடிந்தது ஒரு குடம்.

ஏழு மணிக்கு முதலாளி அருளம்பலம் களத்துக்கு வந்தார். கையில் கடிதம்.

"எல்லாரும் கேளுங்கோ. நீங்கள் பெட்டிசம் போட்டு, சுகாதாரப் பரிசோதகர் போத்திலில அள்ளிக்கொண்டு போன தண்ணி. கொழும்பால மறுமொழி வந்திட்டுது. குடிக்க உகந்ததாம்."

"அது எங்கட தண்ணியில்லை, முதலாளி," என்றார் அடுப்புக்கு உமி தள்ளும் ஸெய்னுதீன்.

"பின்னே ஆருடைய தண்ணி? கிணத்தை இறைச்சது ஆர்? நானா?"

இறைத்தது அவர்கள்தான். இறைப்போம் என்று முதலில் சொன்னது பூரணி.

ஒன்றரை மாதத்துக்கு முந்திய கதை. கந்தோரிலிருந்து பரிசோதகர் வந்து கிணற்றை எட்டிப் பார்க்கப் போகிறார். சாயத்தண்ணி நிறத்தில் நீர், சுவரெல்லாம் வழுக்கல், புளித்த நாற்றம். இதையா காட்டுவது? ஊத்தைச் சனம் என்று நினைக்கமாட்டாரா? அவர் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் ஆறு குடிசையும் கூடி அடிவரை இறைத்தது. ஸெய்னுதீன் இறங்கிச் சேறு அள்ளினார். பூரணி சுவரைத் தென்னம்பொச்சால் தேய்த்தாள். அருளம்பலம் கேட்காமலே அரை மூட்டைச் சுண்ணாம்பு கொடுத்தார். "நல்ல காரியம். வடிவாக் கழுவுங்கோ," என்றார். பூரணி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பரிசோதகர் அள்ளியபோது தண்ணீர் தெளிந்திருந்தது. ஐந்தாம் நாள் நாற்றம் திரும்பியது.

"கிடங்கை வேற பக்கம் வெட்டுங்கோ, முதலாளி," என்றாள் றுக்கியா.

"தண்ணி பிடிக்காட்டி வெள்ளிக்கிழமைக்குள்ள குடிசையை விடுங்கோ. கந்தளாயில எனக்கு ஆளில்லையே?"

"அந்தக் கடுதாசி எங்களுக்கும் வந்தது," என்றார் ஸெய்னுதீன். "நேற்று ரவுணுக்குப் போய் பரிசோதகர் ஐயாட்ட உள்ளதைச் சொன்னனான். ஏலுமெண்டால் இண்டைக்கு வாறன் எண்டவர். கிணத்தை இருந்தபடி விடச் சொன்னவர்."

அருளம்பலம் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"வரட்டும். பூரணி, நீயும் றுக்கியாவும் போய்க் கிணத்தை இறையுங்கோ. அரைநாள் கூலி கூடத் தாறன்."

காவலாளி அரை மூட்டைச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து கிணற்றடியில் போட்டான்.

பூரணி போய் எட்டிப் பார்த்தாள். கலங்கல் நீரில் முகம் தெரியவில்லை. வெட்கம் பழையபடி வந்தது. கை தானாகக் கயிற்றைத் தேடியது. பிறகு குடிசைக்குள் போனாள். மல்லிகாவைத் தூக்கிவந்து சுண்ணாம்பு மூட்டையின்மேல் குந்தியிருந்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"இருக்கிறன், முதலாளி."

"இறைக்கச் சொன்னனான்."

"ஏலாது."

"ஊத்தைத் தண்ணிக்குக் காவலோ?"

"ஓம். உள்ள ஊத்தை உள்ளபடி கிடக்கட்டும். போனமுறை வெட்கப்பட்டுத்தான் கெட்டனாங்கள்."

றுக்கியா வந்து அவளை இடித்தாள். "தள்ளியிரு, புள்ள. மூட்டையை உனக்கு மட்டும் சீதனமாத் தந்தவையோ?"

ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. களத்திலிருந்து மற்றப் பெண்களும் வந்தார்கள். கிணற்றைச் சுற்றி இருந்தார்கள். ஸெய்னுதீன் உமித் தள்ளியைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார். களத்தில் இரண்டாம் அவியல் குவியலாய்க் கிடந்து ஆவி விட்டது.

"நெல்லுப் புளிக்கப் போகுது!" அருளம்பலம் கத்தினார்.

"நாங்கள் புளிச்சதைத்தான் குடிக்கிறம்," என்றார் ஸெய்னுதீன்.

"வெள்ளிக்கிழமை! ஒருத்தரும் இஞ்ச இருக்கப்படாது!"

வெயில் ஏறியது. மல்லிகாவின் தலை பூரணியின் கைக்குள் கொதித்தது. பாரமே இல்லை. பூரணியின் குடத்தில் நல்ல தண்ணீர் முடிந்திருந்தது. றுக்கியா தன் வீட்டிலிருந்த அரைக் குடத்தைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தாள். அடுத்த குடிசைக்காரி ஒரு செம்பு வைத்தாள்.

திருகோணமலைப் பக்கமிருந்து பஸ் வரும் சத்தம் கேட்டது. எல்லோரும் றோட்டைப் பார்த்தார்கள். பஸ் நிற்காமல் போனது.

"அடுத்தது பத்தரைக்கு," என்றார் ஸெய்னுதீன்.

பூரணி மகளின் உதட்டில் தண்ணீரைத் தொட்டு வைத்தாள். ஒருவரும் எழும்பவில்லை.