வாய்க்கால் பாலத்தில் ஒரு மறியல்

பூதலூருக்கு மேற்கே, வாய்க்கால் பாலத்தின் குறுக்கே டிராக்டரை நிறுத்திவிட்டு ரெத்தினம் இறங்கி நின்றார். எதிரே நிலோஃபரின் அறுவடை இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் எந்த வண்டி எந்த வயலில் இறங்குவது என்பதைப் பல வருஷமாகத் தீர்மானித்தவர், சொந்தமாகவும் அறுவடை வண்டிகள் வைத்திருந்த தரகர் ரெத்தினம்தான்.

நிலோஃபர் இந்தச் சம்பா அறுவடையில் அதை மாற்றியிருந்தாள். கணவன் நௌஷாத் கத்தாரில் உழைத்து வாங்கிய வண்டி, போன வருஷம் தரகரின் அழைப்புக்காகக் காத்தே பாதி நாள் சும்மா கிடந்தது. இப்போது விவசாயிகளே கதிரைப் படமெடுத்து, வயல் இருக்குமிடத்தோடு அவள் ஃபோனுக்கு அனுப்பினார்கள். எது முற்றிய கதிர், எந்த வழியில் போனால் அலைச்சல் குறையும் என்று பார்த்து ஃபோனில் இருந்த செயலியே வரிசை போட்டுத் தந்தது.

"அண்ணே, வழிய விடுங்க. மழை திருவாரூரைத் தாண்டிடுச்சு" என்று ஃபோனைக் காட்டினாள் நிலோஃபர். திரையில் மேகம் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"என்னைக் கேக்காம எந்த வண்டியும் உள்ள போகாதும்மா."

பாலத்துக்கு அப்பால் தன் வயலிலிருந்து பஞ்சநதம் ஓடிவந்தார். "என் நெல்லு நனைஞ்சா நீ பதில் சொல்லுவியா?" என்று ரெத்தினத்தின் சட்டையைப் பிடித்தார். நிலோஃபரின் வண்டி ஓட்டுநர் வேம்பு பதறிப்போய்க் கீழே குதித்தான். கிழக்கே வானம் கறுத்துவிட்டது.

அந்த நேரம் ஃபோன் அடித்தது. வேம்புவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான் குந்தவை. பஞ்சநதம் மாமா வயலுக்கு அடுத்தது எங்களுதுதான், பதிஞ்சிருக்கேன். எப்ப வருவீங்க? எங்க வீட்டுக்காரரு தன் வண்டியெல்லாம் ஒரத்தநாட்டுப் பக்கம் அனுப்பிட்டாரு. கேட்டா நாளைக்கு, நாளைக்குங்கறாரு."

ரெத்தினத்தின் முகம் மாறியது. அது அவர் மனைவியின் குரல். பஞ்சநதத்தின் பிடி தளர்ந்தது.

"பாலத்துலதான் நிக்கிறோம்மா" என்று மட்டும் சொன்னாள் நிலோஃபர்.

ரெத்தினம் டிராக்டரில் ஏறிப் பின்னால் எடுத்தார். வண்டி கடந்தபோது, "முதல்ல நம்ம வயல்ல இறக்கும்மா" என்றார் தாழ்ந்த குரலில்.

"இல்லண்ணே. வரிசைல பஞ்சநதம் ஐயாவுக்குத்தான் முதல்ல."

பஞ்சநதத்தின் நெல் முழுவதும் அறுபட்டது. ரெத்தினத்தின் வயலில் பாதி முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மிச்சக் கதிர் கண்ணெதிரே சாய்ந்தது. நனைந்தபடி வரப்பில் நின்ற அவரைப் பார்க்க நிலோஃபருக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஈரத்துல என் டயர் வண்டி புதைஞ்சிடும்ணே. சேத்துலயும் ஓடற உங்க பெல்ட் வண்டிய வரச் சொல்லுங்க. இனிமே எனக்கு வர்ற ஈர வயலையெல்லாம் உங்களுக்கே அனுப்பறேன்."

"என்னை நம்பியா?"

"முன்பதிவு ஃபோன்லதான். யாரு வயலா இருந்தாலும் வரிசைப்படிதான்."

ரெத்தினம் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து ஈரத்தைத் துடைத்தார். பெல்ட் வண்டி ஓட்டுநரை அழைத்து, ஒரத்தநாட்டு வேலையை முடித்துக்கொண்டு உடனே கிளம்பச் சொன்னார்.