ஏறியது மட்டும்

காலை ஒன்பது நாற்பதுக்கு மாவட்டப் போலீஸ் டெபுட்டி ஹால்வர்சன் நீதிமன்றத் தாளைத் தன் காரின் முன்மூடி மேல் வைத்து, காற்றில் பறக்காமல் கையால் அழுத்திக்கொண்டு படித்தார். அரை மணி நேரம். அதற்குள் டுவைலா தன் வேனை எடுத்துக்கொள்ளலாம். டிரெய்லரில் ஏறியது அவளுடையது. ஏறாதது முற்றத்திலேயே கிடக்கும். முற்றம் டெல்மருடையது.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது,” என்றாள் டுவைலா.

“உனக்கு, டெல்மர்?”

டெல்மர், பழுதான வண்டிகளை இழுத்துப்போகும் தன் ரெக்கவரி லாரியின் படியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அருகில் வரக் கூடாது என்று தாளில் இருந்தது. அவன் வரவில்லை. “தாராளமா எடுத்துட்டுப் போகட்டும். நான் வேடிக்கை பாக்கிறேன்.” தொலியைத் துப்பினான்.

அது நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் வேன். உள்ளே தொட்டி, மேசை, உலர்த்தும் கருவி எல்லாம் இருந்தன. டுவைலாவுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். மார்ச்சில் அவள் டெல்மரை விட்டு ஒரு பையோடு அக்கா ஜோனியின் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போனபின் டெல்மர் வேனின் பேட்டரியைக் கழற்றினான். நான்கு டயர்களிலும் காற்றைப் பிடுங்கினான். இந்த மாவட்டத்தில் ரெக்கவரி லாரி ஒன்றுதான். அதன் படியில்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

அதனால்தான் அக்காவும் தங்கையும் வாடகை டிரெய்லரில், கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டாரான ஒரு வின்ச்சைப் பொருத்தினார்கள். ஜோனியின் பிக்கப் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்து, பேட்டரியிலிருந்து சிவப்பு கேபிளைப் பின்னால் வரை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஃபியூஸ் போட்டார்கள். கேபிள் போதவில்லை. பேட்டரி செத்தால் இன்னொரு வண்டியிலிருந்து மாட்டுகிற ஜோனியின் ஜம்பர் கேபிளை வெட்டி, இரண்டு இழையையும் சேர்த்து முறுக்கி நீட்டினார்கள். கரென்ட் திரும்பிப் போகிற நெகட்டிவுக்குக் கேபிள் ஒன்றும் மிஞ்சவில்லை. பிக்கப் இரும்பு. டிரெய்லர் இரும்பு. இரண்டையும் இணைக்கிற குண்டும் இரும்பு. அது போதும் என்று நினைத்தார்கள். ஜோனியின் வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தபோது கயிறு அவிழ்ந்தது, சுற்றியது. இருவரும் கை தட்டினார்கள்.

இப்போது டுவைலா வேனை நியூட்ரலில் போட்டு, கொக்கியை மாட்டி, ரிமோட்டை அழுத்தினாள். கயிறு இறுகியது. வேன் ஒரு சாண் நகர்ந்தது. மோட்டாரின் ஒலி இறங்கிக்கொண்டே போய் முனகலானது. பிக்கப்பிலிருந்து டிரெய்லர் விளக்குகளுக்குக் கரென்ட் போகும் பிளக்கிலிருந்து புகை வந்தது.

“கைய எடு! டுவைலா, கைய எடு!”

ஜோனி பிளக்கைப் பிடித்து இழுத்தாள். உருகிய பிளாஸ்டிக் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. டுவைலா மறுபடி அழுத்தினாள். வின்ச்சில் ஒரு சொடக்கு மட்டும் கேட்டது.

டெல்மர் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த வெகு நேரமாயிற்று.

“பாடி எர்த்தை, வெறும் வண்டி இரும்பை, நம்பிட்டு வந்தீங்களா ரெண்டு பேரும்? குண்டு முழுக்க கிரீஸ் அப்பியிருக்கு. அது வழியா எப்படிடீ இவ்வளவு கரென்ட் போகும்? பாவம், லைட்டு ஒயர்ல போயிருக்கு. செத்துப்போச்சு.”

“வாய மூடுடா,” என்றாள் ஜோனி.

“டெல்மர், அவகிட்ட நீ பேசக் கூடாது,” என்றார் ஹால்வர்சன்.

“நான் எங்க அவகிட்டப் பேசினேன்? என் லாரிகிட்டப் பேசுறேன்.” லாரியின் கதவைத் தடவினான். “கண்ணு, ஒரே ஒரு ஜம்பர் கேபிள் இருந்தா போதும். ஒரு கிளிப்பு பிக்கப் பம்பர்ல. இன்னொண்ணு வின்ச்சோட நெகட்டிவ்ல. வேலை முடிஞ்சுது. இல்லையா கண்ணு?”

டுவைலா ஹால்வர்சனிடம் போனாள். “உங்க கார்ல இருக்குமே.”

“இருக்கு. சர்க்கார் சாமான்மா அது. சொந்த வேலைக்கு எடுத்துக் குடுத்தா நான் பதில் சொல்லணும்.”

“அப்போ அவன்கிட்ட வாங்கியாவது குடுங்க.”

“சாமான் வாங்கிக் குடுக்க வரலம்மா நான். சும்மா நிக்கத்தான் வந்திருக்கேன்.”

ஜோனி டிரெய்லர் மாட்டியிருந்த குண்டைச் சுற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி கறுத்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. அடுத்த பண்ணைக்குப் போய்த் திரும்புவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

டெல்மர் எழுந்து லாரியின் பக்கவாட்டில் தொங்கிய ஜம்பர் கேபிளை எடுத்தான். கட்டைவிரல் கனம் இருந்தது அது. மறுபடி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டான்.

“கேக்கத் தெரியும்ல உனக்கு,” என்றான்.

ஜோனிக்கு அது விளங்கவில்லை. டுவைலாவுக்கு விளங்கியது. அந்த வீட்டில் கார் சாவி வேண்டுமென்றாலும், ஜனவரியில் ஹீட்டரைக் கொஞ்சம் கூட்ட வேண்டுமென்றாலும், அக்காவுக்குப் போன் செய்ய வேண்டுமென்றாலும் மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை அவனுக்குக் காது கேட்காது. இரண்டாவது முறை குரல் பிடிக்காது. மூன்றாவது முறைதான் யோசிப்பான். அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. நீதிபதியிடமும் சொல்லவில்லை.

“டெல்மர், கேபிளைக் குடு.”

அவன் விதைப் பொட்டலத்துக்குள் விரலை விட்டுத் துழாவினான். “என்னா காத்து. ஒண்ணும் விழ மாட்டேங்குது காதுல.”

ஹால்வர்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“டெல்மர், தயவுசெஞ்சு கேபிளைக் குடு.”

“குரல் சரியில்லையே. யாரையோ அதட்டுற மாதிரி இருக்கு.”

“என்ன உளர்றான் இவன்?” ஜோனி நிமிர்ந்தாள். “டுவைலா, என்னடீ நடக்குது இங்க? விட்டுத் தொலை. வா, போலாம்.”

டுவைலா ரிமோட்டைத் தரையில் வைத்தாள். இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டாள். முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தினாள். அது எல்லாம் தானாகவே வந்தது. குரலும் மாறிவிட்டது. ஜோனி அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

“டெல்மர், தப்பு என்னுதுதான். தயவுசெஞ்சு குடு. சீக்கிரம் முடிச்சிடுறேன்.”

ஹால்வர்சன் நீதிமன்றத் தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். மடித்தபின் பிரித்து மறுபடி மடித்தார்.

“பாத்தியா,” என்றான் டெல்மர், ஜோனியைப் பார்த்து. “நல்லாப் பழக்கி வச்சிருந்தேன். நீ கெடுத்துட்ட.”

கேபிளை வீசினான். அது பாதி வழியில் விழுந்தது. டுவைலா போய் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு கிளிப்பைப் பம்பரில் கடிக்கவிட்டாள். மற்றதை வின்ச்சில். ரிமோட்டை அழுத்தினாள்.

மோட்டார் முழுக் குரலில் ஓடியது. வேன் காற்றில்லாத டயர்களில் சரளைக் கல்லை உழுதபடி வந்தது. முன்சக்கரங்கள் சாய்பலகையைத் தொட்டன, தயங்கின, ஏறின. ஜோனி பக்கவாட்டில் நடந்துகொண்டே வேனின் உடம்பில் அடித்தாள்.

“வா. வாடீ. வா வா வா.”

முன்சக்கரங்கள் டிரெய்லர் தளத்துக்கு வந்துவிட்டன. பின்சக்கரங்கள் இன்னும் சரளையில் இருந்தன.

“நேரம் ஆச்சு,” என்றார் ஹால்வர்சன்.

“ஏறிட்டிருக்கு, கண்ணு தெரியலையா?” என்று ஜோனி கத்தினாள்.

“ரெண்டு நிமிஷம்,” என்றாள் டுவைலா. ரிமோட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

டெல்மர் எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். “ஹால்வர்சன், வேன் விஷயத்துல நீ என்ன முடிவு பண்ணாலும் எனக்குச் சரி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கேபிள் என்னுது. உன் தாள்ல அது இருக்கா?”

ஹால்வர்சன் யோசித்தார்.

“இல்ல,” என்றார்.

“அப்போ எனக்கு வேணும். இப்பவே. நான்தான் கிட்ட போகக் கூடாதே. நீ எடுத்துக் குடு.”

ஹால்வர்சன் தாளைச் சட்டைப்பையில் வைத்தார். பிக்கப்பின் பின்பக்கம் நடந்து போனார். குனிந்தார். வேன் சாய்பலகையில் ஒரு சாண் ஏறியது, இன்னொரு சாண் ஏறியது. அவர் கை கிளிப்பைப் பிடித்தது.

“ஹால்வர்சன், நான் அவன்கிட்ட மூணு தடவை கெஞ்சினது உங்க காதுல விழுந்துச்சுல்ல?” என்றாள் டுவைலா, ரிமோட்டை அழுத்தியபடியே.