மூன்றாம் சிலிண்டரின் காற்று

சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருடம் ஆடி மாதத்தில், பூந்தமல்லி பஞ்சாயத்து போர்டுத் தலைவர் ராவ் சாகிப் லோகநாதன் தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்தார். பதவியில் அல்ல, உடம்போடு. அன்று கத்திரிக்காய் வீசை ஒன்றரையணா. போர்டு கூடிப் பாராட்டுத் தீர்மானம் போட்டது; கையெழுத்து வாங்க அவர் காலைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டியிருந்தது.

அதே மாதம் அவருடைய கார் படுத்துக்கொண்டது. நாலு சிலிண்டரில் ஒன்றுக்கு மூச்சில்லை. குமணன்சாவடிப் பாதையில் மாட்டு வண்டிக்காரர்கள் ஒதுங்கச் சொல்லிக் கத்திவிட்டு முந்திப் போனார்கள். வெள்ளிக்கிழமை குமணன்சாவடியில் கலெக்டருக்கு வரவேற்பு. அதற்குள் கார் ஓடாவிட்டால் புறம்போக்கில் இருக்கும் பட்டறையைப் பிரித்துவிடுவதாக மெக்கானிக் அப்துல் கையூமுக்கு ராவ் சாகிப் சொல்லியனுப்பினார். கையூமுக்கு இருந்தது அந்தப் பட்டறை ஒன்றுதான்.

ராவ் சாகிப் வீட்டு வாசலிலேயே கையூம் பிளக்குகளைக் கழற்றினார். டிரைவர் துலுக்கானம் ஹேண்டிலைச் சுற்ற, ஒவ்வொரு துளையிலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் இரண்டும் நான்கும் விரலைத் தள்ளின. மூன்றாவது மட்டும் செத்த கோழி மாதிரி கிடந்தது. அதில் எண்ணெய் விட்டுச் சுற்றச் சொன்னார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அடைத்துக்கொண்டு விரலைத் தள்ளியிருக்கும், தள்ளவில்லை. அப்படியானால் வால்வு மூடவில்லை. புகைக்குழாயில் காதை வைத்தார். காற்று அங்கேயும் வரவில்லை. ஆனால் ஹேண்டில் சுற்றும்போதெல்லாம், அதற்குள் வாசல்நிலை உயரத்துக்கு ஏறி மிதந்துகொண்டிருந்த ராவ் சாகிப் ஒரு விரற்கடை ஏறினார்.

"வால்வத் தூக்குற டேப்பெட்ல எவன்யா கைய வச்சது?"

"நான்தான் பாய்," என்றான் துலுக்கானம். "ஐயா கார்ப் படிமேல நின்னுகினு பேசுறப்ப டக்கு டக்குனு சத்தம் வருதுன்னு திட்னாரு. இடுக்கே இல்லாம முறுக்கிட்டேன். அப்பால சத்தமே இல்ல."

"வால்வும் மூடல. காத்து எங்க போவும்? பேசுறவரு வாய்ல பூந்துகீது."

கையூம் அண்ணாந்து பார்த்தார். "ஐயா, காரு ஓடணுமா, நீங்க பறக்கணுமா? ரெண்டுல ஒண்ணுதான்."

ராவ் சாகிப் நெடுநேரம் யோசித்தார். அவர் மனைவி வரலட்சுமி யோசிக்கவில்லை. "காரு ஓடட்டும் பாய். இவருக்குச் சோறு போட நான் ஏணி ஏற வேண்டியிருக்கு."

கையூம் டேப்பெட்டைத் தளர்த்தி, ஒரு போஸ்ட் கார்டு நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டு முறுக்கினார். மறுபடி விரலை வைத்தார். மூன்றாம் சிலிண்டர் அவரை இரண்டடி பின்னால் உட்கார வைத்தது. ராவ் சாகிப் காலிக் கோணி மாதிரி தரைக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை கார் பாதையிலிருந்த அத்தனை மாடுகளையும் முந்தியது. பட்டறை தப்பியது. பாதை இனி அடைபடாத சந்தோஷத்தில் வண்டிக்காரர்கள் கையூமைத் தோளில் தூக்கிக்கொண்டு குமணன்சாவடியைச் சுற்றினார்கள். தரைக்கு மேலே இருந்ததற்காக அவருக்கு யாரும் தீர்மானம் போடவில்லை. ராவ் சாகிப் கார்ப் படியில் நின்று, டக்கு டக்கு சத்தத்துக்கு நடுவே ஒரு மணி நேரம் வரவேற்புரை வாசித்தார்.

கலெக்டருக்கு வயிற்றுப்போக்கு. அவர் வரவில்லை.